வீட்டு ஓவனில் தூத்துக்குடி மக்ரூன்: பதம் பார்க்கத் தராசு

வீட்டிலுள்ள சிறிய மின் ஓவனில் தூத்துக்குடி மக்ரூன் செய்யும் முயற்சி ஒருவழியாகக் கைகூடியிருக்கிறது. டப்பாவில் அடைத்து ஒரு வாரம் கடந்த பிறகும் உடைத்தால் நொறுங்குகிறது. நடுப்பகுதியில் பிசுக்கு இல்லை. வாயில் போட்டதும் மேலோடு உடைந்து, சீனியும் வெள்ளைக்கருவும் கரைந்துபோய், முந்திரிக் குறுணை மட்டும் கடைசியாகப் பல்லில் படுகிறது. இந்த நிலைக்கு வருவதற்குள் பழுப்பேறியவை, அடி ஒட்டியவை, உள்ளே வெறும் கூடாகிப் போனவை, மறுநாளே நமத்தவை எனப் பல வகைத் தட்டுகள் வந்து போயின. எந்தக் கட்டத்தில் எதை மாற்றியபோது எது சரியாயிற்று என்பதை அளவுகளோடு எழுதி வைக்கிறேன். இதே அளவுள்ள ஓவனை வைத்திருப்பவர்களுக்கு முந்திரியும் நேரமும் மிச்சமாகும்.

மக்ரூன் என்ற பெயரில் பல பண்டங்கள் இருப்பதால், செய்ய முனைந்தது எது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இரண்டு வண்ண வில்லைகளுக்கு நடுவே கிரீம் தடவிப் பிரெஞ்சு முறையில் செய்வது வேறு. தேங்காய்த் துருவலில் உருட்டிச் சுடுவது வேறு. தூத்துக்குடிப் பேக்கரிகளில் கிடைப்பது முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு ஆகிய மூன்றே பொருள்களால் ஆனது. அடி அகன்று, நுனி கூர்ந்து, சந்தன வெண்மையில் சிறு கூம்பாக இருக்கும். மைதா, வெண்ணெய், சோடா எதுவும் அதில் சேராது. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்ச்சுகீசியர் வழியாகவே இது ஊருக்குள் வந்தது என்று சொல்லப்படுகிறது. ஐரோப்பாவில் பாதாம் சேரும் இடத்தில் இங்கே முந்திரி சேர்ந்திருக்கிறது. அந்த முந்திரி மரத்தையும் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்களே. பொருள்கள் மூன்று மட்டுமே என்பதால் ஒன்றில் நேரும் குறையை இன்னொன்று மறைப்பதற்கு வழியில்லை என்பதைச் செய்யச் செய்யத்தான் உணர்ந்தேன்.

கருவிகள் அதிகமில்லை. 28 லிட்டர் கொள்ளளவுள்ள, விசிறி இல்லாத, மேலும் கீழும் கம்பிகள் சூடேறும் 1500 வாட் ஓவன், 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, 300 வாட் கை பீட்டர், அகன்ற எவர்சில்வர் பாத்திரம், ரவை சலிக்கும் சல்லடை, சிலிக்கான் கரண்டி, பட்டர் பேப்பர். இவற்றோடு பிற்பாடு வாங்கிய, ஓவனுக்குள்ளேயே தொங்கவிடக்கூடிய 400 ரூபாய் வெப்பமானியும் சேர்ந்தது. அதைத் தொடக்கத்திலேயே வாங்கியிருந்தால் இந்தப் பதிவின் பாதி நீளம் குறைந்திருக்கும்.

ஒரு தட்டுக்கு இப்போது நான் வைத்திருக்கும் அளவு: வெள்ளைக்கரு 96 கிராம், சீனி 135 கிராம், முந்திரி 135 கிராம். வெள்ளைக்கருவை முட்டைக் கணக்கில் சொல்லாமல் எடைக் கணக்கில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடையில் ஒரே தட்டிலிருந்து எடுத்த முட்டைகளிலேயே ஒன்றில் 28 கிராம் வெள்ளைக்கருவும் இன்னொன்றில் 36 கிராமும் கிடைக்கின்றன. மூன்று முட்டை என்று எண்ணிக்கையில் நின்றால் ஒரு நாள் 84 கிராமும் மறுநாள் 105 கிராமும் பாத்திரத்தில் விழும். சீனியும் முந்திரியும் மாறாதிருக்க, கலவை ஒரு நாள் கெட்டியாகவும் மறுநாள் தளர்ந்தும் வரும். முன்பெல்லாம் கை மாறியதால்தான் பக்குவம் மாறுகிறது என்று நினைத்திருந்தேன். மாறியது முட்டையின் அளவு.

முந்திரியிலிருந்து தொடங்குகிறேன். முழுப்பருப்பு வாங்கத் தேவையில்லை. எப்படியும் பொடியாகப் போவது என்பதால் உடைத்த பருப்பே போதும். ஆனால் அது புதியதாக இருக்க வேண்டும். பழைய பருப்பின் சிக்கு வாடை, வேறு எந்த மணமும் சேராத இந்தப் பண்டத்தில் அப்படியே வெளிப்பட்டுவிடும். பருப்பை நேராக மிக்ஸியில் போட்டு ஓட்டியபோது சில நொடிகளிலேயே ஜாடியின் அடியில் எண்ணெய் கசிந்து, பொடி விழுதாகத் திரண்டுவிட்டது. முந்திரியின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான அளவு கொழுப்புதான். அந்தக் கொழுப்பு வெளியே வந்துவிட்டால், அடித்து எழுப்பிய வெள்ளைக்கரு நுரையில் அது பட்டவுடன் நுரை அமுங்கிவிடுகிறது. அந்த விழுதைக் கலந்து வார்த்த தட்டில் கூம்பு எழவே இல்லை. தட்டையான வில்லைகள்தாம் கிடைத்தன.

இப்போது கடைப்பிடிக்கும் முறை இது. பருப்பை ஓவனில் 80 டிகிரியில் 20 நிமிடம் வைத்து ஈரத்தைப் போக்குகிறேன். நிறம் மாறக் கூடாது. வறுபட்ட மணம் வந்துவிட்டால் அது வேறு பண்டமாகிவிடும். பிறகு முழுவதும் ஆறவிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் மூடி வைத்து, மொத்தச் சீனியிலிருந்து 15 கிராமை எடுத்து அதோடு சேர்த்து, சிறிய ஜாடியில் விட்டு விட்டு இரண்டு நொடிகள் வீதம் ஓட்டுகிறேன். சீனி கசியும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்வதால் பொடி உதிரியாகவே நிற்கிறது. ரவைச் சல்லடையில் சலித்து, மேலே தங்கும் குறுணையை மறுபடி அரைக்காமல், ஏறத்தாழ 30 கிராம் வரை அப்படியே சேர்த்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் மாவாக்கிச் செய்த தட்டு வழுவழுப்பாக வந்தாலும், தின்னும்போது முந்திரி இருப்பதே தெரியவில்லை. பல்லில் படும் அந்தக் குறுணைதான் இந்தப் பண்டத்தின் அடையாளம் என்பது என் உறுதியான கருத்து.

முட்டையைக் குளிர்ந்திருக்கும்போதே உடைத்துப் பிரிப்பது எளிது. மஞ்சள்கரு உறுதியாக நிற்கும். ஒவ்வொன்றையும் ஒரு சிறிய கிண்ணத்தில் பிரித்துப் பார்த்த பிறகே பெரிய பாத்திரத்தில் ஊற்ற வேண்டும், ஏனெனில் துளி மஞ்சள்கரு விழுந்தாலும் அந்தப் பாத்திரம் முழுவதும் வீணாகும். பிரித்த வெள்ளைக்கருவை அறை வெப்பத்துக்கு வரும்வரை முக்கால் மணி நேரம் வெளியே வைக்கிறேன். பிளாஸ்டிக் கிண்ணத்தில் எத்தனை முறை கழுவினாலும் எண்ணெய்ப் பசை தங்கிவிடுகிறது. எவர்சில்வர் பாத்திரத்தை எலுமிச்சைத் துண்டால் துடைத்துக் காயவைத்துப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு நுரை எழாமல் போன நாளே இல்லை. மிஞ்சும் மஞ்சள்கருவுக்கும் வழி யோசித்துக்கொண்டுதான் முட்டையை உடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அன்றைக்கே கஸ்டர்டாகிவிடுகிறது.

மீதி 120 கிராம் சீனியை மிக்ஸியில் பொடித்துச் சலித்து வைத்துக்கொள்கிறேன். கடையில் விற்கும் ஐசிங் சீனியில் சோள மாவு கலந்திருப்பதால் அதைத் தவிர்த்தேன். பீட்டரைக் குறைந்த வேகத்தில் இரண்டு நிமிடம் ஓட்டினால் வெள்ளைக்கரு சோப்பு நுரையைப் போலப் பெரிய குமிழ்களோடு எழும். வேகத்தை நடுவில் வைத்து, குமிழ்கள் சிறுத்து, பீட்டர் சென்ற தடம் மேலே தெரியத் தொடங்கும்போது சீனியைச் சேர்க்க ஆரம்பிக்க வேண்டும். இந்தக் கணத்தைப் பிடிப்பதில்தான் பழக்கம் தேவைப்படுகிறது. முன்கூட்டியே சீனியைக் கொட்டினால் நுரை மேற்கொண்டு எழாமல் பாகாக நின்றுவிடுகிறது. நுரை வறண்டு பஞ்சுத் துண்டுகளாகத் திரியும்வரை காத்திருந்து சேர்த்தால் அடியில் நீர் பிரிகிறது. ஒரு தேக்கரண்டி சேர்த்து, அரை நிமிடம் ஓட்டி, அடுத்த கரண்டி என்று சேர்த்து முடிக்க 10 முதல் 12 நிமிடங்கள் ஆகின்றன. விரலிடுக்கில் சிறிது எடுத்துத் தேய்த்தால் நெருடக் கூடாது. நெருடினால் சீனி கரையவில்லை என்று பொருள். அந்தச் சீனி சுடும்போது பாகாகி, அடியில் தேன் நிறச் சொட்டுகளாக வழிந்து, பேப்பரோடு ஒட்டிக்கொள்ளும். பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் நகராமல், பளபளப்பாக, பீட்டரைத் தூக்கினால் நுனி வளையாமல் நிற்பதுதான் வேண்டிய பதம்.

இதற்குப் பிறகு பீட்டருக்கு வேலையில்லை. முந்திரிப் பொடியை மூன்று பங்காகத் தூவி, சிலிக்கான் கரண்டியால் அடியிலிருந்து மேலாக மடித்து மடித்துக் கலக்க வேண்டும். பொடியின் வெள்ளைத் தடம் மறைந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். நன்றாகக் கலக்கட்டுமே என்று தொடர்ந்தபோது கலவை இளகி, பிழிந்த கூம்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே படர்ந்துவிட்டது. பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, நுனியை 12 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, அதில் நிரப்பிப் பிழிகிறேன். 8 மில்லிமீட்டர் ஓட்டையில் குறுணை அடைத்துக்கொண்டது; அழுத்திப் பிழிய வேண்டியிருந்ததால் நுரையும் அமுங்கியது. அடியில் 3.5 சென்டிமீட்டர் அகலம் வரும்வரை ஒரே இடத்தில் அழுத்திவிட்டு, கையைத் தளர்த்தி நேராக மேலே இழுத்தால் நுனி தானாகக் கூர்ந்துவிடும். ஒன்று ஏறத்தாழ 10 கிராம் என்ற கணக்கில், பாத்திரத்திலும் பேப்பரிலும் ஒட்டியது போக, 35 கூம்புகள் ஒரே தட்டில் அமைகின்றன. கலவை இரண்டாம் தட்டுக்காகக் காத்திருக்க நேரக் கூடாது என்பதற்காகவே மொத்த அளவை இந்த அளவோடு நிறுத்தினேன்.

அதிக நாள்கள் பிடித்தது ஓவன் கட்டம்தான். பிஸ்கட் சுடும் வழக்கத்தில் 150 டிகிரியில் வைத்த தட்டு 20 நிமிடங்களில் பழுப்பேறி, பக்கவாட்டில் வெடித்து, உள்ளே கூடாகவும் அடியில் பிசினாகவும் இருந்தது. 120 டிகிரியில் 50 நிமிடம் வைத்தது பார்வைக்கு அழகாக வந்தது. தட்டினால் ஓசையும் வந்தது. ஆனால் கடித்தால் நடுவில் மெல்லும் பதம் இருந்தது, ஆறிய இரண்டு மணி நேரத்தில் மேலோடும் தளர்ந்துவிட்டது. நேரத்தைக் கூட்டினால் நிறம் மாறியது; நிறத்தைக் காத்தால் நடுப்பகுதி காயவில்லை. இந்த இடத்தில்தான் வெப்பமானியை வாங்கித் தொங்கவிட்டேன். திருகியை 100இல் வைத்தால் உள்ளே வெப்பம் 92 வரை இறங்கி, கம்பிகள் சிவந்ததும் 128 வரை ஏறி, மறுபடியும் இறங்கியது. 120 என்று நான் நம்பியிருந்த தட்டுகள் அவ்வப்போது 145ஐத் தொட்டிருக்க வேண்டும்.

விறகு அடுப்புள்ள பேக்கரிகளில் மக்ரூனைத் தணிந்த சூட்டில் பல மணி நேரம் வைத்திருந்து எடுப்பார்கள் என்பது தெரிந்த செய்திதான். அதன் பொருள் அப்போதுதான் முழுதாக விளங்கியது. மக்ரூன் வேக வேண்டிய பண்டம் என்பதைவிடக் காய வேண்டிய பண்டம். கனத்த செங்கல் அடுப்பு ஒரே சீராக விட்டுக்கொண்டிருக்கும் சூட்டை, மெல்லிய தகரப் பெட்டியில் விட்டு விட்டு எரியும் கம்பிகளிடமிருந்து பெறுவது எப்படி என்பதே என் முன்னிருந்த வேலை. மூன்று மாற்றங்கள் செய்தேன். கீழ்க்கம்பிக்கு நேர் மேலே ஒரு வெறும் தட்டை வைத்து, மக்ரூன் தட்டை அதற்கு மேல் அடுக்கில் வைத்ததால், கம்பியின் நேரடிச் சூடு அடியில் படுவது நின்றது. ஓவனின் கீழ்த்தளத்தில் இரண்டு கருங்கல் துண்டுகளைக் கழுவி, காயவைத்து, முன்னதாகவே அரை மணி நேரம் சூடேற்றி வைத்ததால் வெப்பத்தின் ஏற்ற இறக்கம் 96க்கும் 112க்கும் இடையே அடங்கியது. கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியின் காம்பைச் செருகி விரலளவு திறந்து வைத்ததால் உள்ளே சேரும் நீராவி வெளியேறியது. மூன்றில் கடைசி மாற்றம் செலவே இல்லாதது. பலன் அதிலேதான் மிகுதி. மூடிய ஓவனின் கண்ணாடியில் துளித்துளியாக ஈரம் படிந்திருந்ததைப் பல தட்டுகளில் பார்த்திருந்தும், அந்த ஈரம் எங்கே போகும் என்று அதுவரை யோசிக்கவில்லை.

எப்போது காய்ந்தது என்று அறிவதுதான் அடுத்த சிக்கல். நிறம் சொல்லவில்லை, ஓசையும் சொல்லவில்லை. வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவாக நீர்தான் என்பதால், 96 கிராமில் ஏறத்தாழ 84 கிராம் நீர். அது வெளியேறிவிட்டதா என்பதைத் தராசிடமே கேட்கலாம் என்று தோன்றியது. தட்டையும் பேப்பரையும் முதலில் நிறுத்து எழுதிக்கொண்டு, பிழிந்து முடித்ததும் கலவையின் எடையைப் பார்த்தால் 350 கிராம். தராசின் மேல் சப்பாத்திப் பலகையை வைத்து, அதன் மேல் சூடான தட்டை வைத்து, அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தேன். ஒரு மணி நேரத்தில் 305 கிராமாக இறங்கியிருந்தபோது எடுத்த மக்ரூனின் நடுப்பகுதி பிசினாக இருந்தது. 290இல் எடுத்தது அன்று மொறுமொறுப்பாக இருந்து மறுநாள் நமத்தது. 275க்கு வந்த பிறகு அரை மணி நேரம் கூட்டி வைத்தும் இரண்டு கிராமுக்கு மேல் குறையவில்லை; அந்த நிலையில் எடுத்தவைதாம் முதல் பத்தியில் சொன்னவை. ஆக, என் ஓவனுக்கு ஏறத்தாழ 105 டிகிரியில் இரண்டு மணி நேரம், பிறகு அணைத்துவிட்டு உள்ளேயே இரவு முழுவதும். ஓவன் மாறினால் நேரம் மாறும். 350 உள்ளே போய் 275 வெளியே வர வேண்டும் என்ற கணக்கு மாறாது. மொத்த அளவை மாற்றுகிறவர்கள், உள்ளே போனதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைய வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

காய்ந்த மக்ரூனைக் காப்பதும் இதே வேலையின் பகுதிதான். இவ்வளவு சீனி கொண்ட, இவ்வளவு துளைகள் உள்ள பண்டம் காற்றிலிருக்கும் ஈரத்தை விடாமல் இழுக்கும். சென்னையில் ஐப்பசி மழையின்போது மேசையில் திறந்து வைத்த தட்டு ஒரு மணி நேரத்தில் கையில் ஒட்டத் தொடங்கியது. தூத்துக்குடியும் கடற்கரை ஊர்தான். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அங்கே உப்பளங்களிலேயே உப்பு எடுப்பு நின்றுவிடும். அந்தக் காற்றில் இந்தப் பண்டத்தைப் பேக்கரிக்காரர்கள் மொறுமொறுப்பாகவே தருகிறார்கள் என்பதை எண்ணும்போது அவர்களுடைய கைத்திறன்மீது மரியாதை கூடுகிறது. காலையில் ஓவனைத் திறந்ததும் நேராகக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடுகிறேன். ஓவன் முழுவதும் ஆறிப்போயிருந்தால் முதலில் 15 நிமிடம் மிதமாகச் சூடேற்றி, தட்டு வெதுவெதுப்பாக இருக்கும்போது எடுக்கிறேன். பெரிய டப்பா ஒன்றைவிடச் சிறிய டப்பாக்கள் நல்லவை. ஒன்றைத் திறந்து தின்றுகொண்டிருக்கும்போது மற்றவை கெடாமல் இருக்கும்.

செலவையும் குறித்துவிடுகிறேன். உடைத்த முந்திரி கிலோ 800 ரூபாய் வீதம் 135 கிராமுக்கு 108 ரூபாய், மூன்று முட்டைக்கு 21, சீனிக்கு 6, மின்சாரம் ஏறத்தாழ 1 யூனிட் என்று 8, பேப்பருக்கு 5. ஆக மொத்தம் 148 ரூபாய்க்கு 275 கிராம், அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ 540 ரூபாய். முந்திரியைக் குறைத்து, 100 கிராமில் ஒரு தட்டு செய்து பார்த்தேன். கூம்பு இன்னும் உயரமாக எழுந்தது. ஆனால் இனிப்பு தனித்து நின்று இரண்டாவதைத் தின்னத் தோன்றவில்லை. மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுவன்று. ஏலக்காய், வெனிலா சேர்க்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். பாதித் தட்டில் ஏலக்காய்ப் பொடி சேர்த்தும் பார்த்தோம். முந்திரியின் மெல்லிய பால் மணம் அதில் முற்றிலும் அடங்கிவிட்டது. அந்தத் தட்டை எல்லோரும் தின்று முடித்தார்கள் என்றாலும், மறுபடி செய்யச் சொன்னது ஏலக்காய் சேராததைத்தான்.

அடுத்த தட்டுக்கு மாற்றங்கள் சில குறித்து வைத்திருக்கிறேன். கருங்கல் துண்டுகளுக்குப் பதிலாக, ஓவனின் அடியளவுக்கு வெட்டிய கடப்பைக்கல் பலகை ஒன்றைப் போட்டால் சூடு இன்னும் சீராகுமா என்று பார்க்க வேண்டும். கல்லை முதலில் மிகக் குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்து ஈரம் போக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். கூம்பின் அடியை 3 சென்டிமீட்டராகக் குறைத்தால் இரண்டு மணி நேரம் ஒன்றரையாகக் குறையக்கூடும். அதற்கேற்ப அரை மணிக்குப் பதிலாகக் கால் மணிக்கு ஒருமுறை நிறுக்க வேண்டியிருக்கும். தட்டின் பின்வரிசை மட்டும் எப்போதும் இளம் பழுப்பேறுவதால், ஒரு மணி நேரம் ஆனதும் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும். அதற்கு முன்னர் திருப்பினால் மேலோடு இறுகியிராத கூம்புகளின் நுனி சாய்ந்துவிடுகிறது.